ரயில்பெட்டிப் பாறையும் ஒரு பழைய ரோடும்

இருபத்திரண்டு வருஷமாக நான் காரின் இடது பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லித் தருவது என் பிழைப்பு. ஸ்டியரிங் அவர்கள் கையில். என் காலடியில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். எதிரே எருமை வந்தாலும் ஷேர் ஆட்டோ வந்தாலும் அவர்கள் கத்துவார்கள், நான் மிதிப்பேன். அதனால் அமெரிக்காவில் வாடகைக் காரின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, எதிரே ஸ்டியரிங் இருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. யாரோ எனக்கென்றே அளவெடுத்துச் செய்த வண்டி போலிருந்தது.

பின் சீட்டில் அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டி பழுது பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திரும்பி, வேண்டாமென்பதற்கு ‘நக்கோ’, ஆமாமென்பதற்கு ‘ஹவ்’, ஏனென்பதற்கு ‘கைக்கு’ என்று உருதுவில் முடிப்போம். அண்ணன் மகள் ஷீபா இப்போது ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறாள். அவளோடு சில மாதம் இருக்கலாம் என்றுதான் அண்ணனும் அண்ணியும் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து ஷீபா எனக்குப் போன் செய்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். அப்படித்தான் பழக்கம். அவள் சொன்னதன் சாரம் இது: “அத்தை, அப்பா சோஃபாவை விட்டு எழுந்திருக்கறதில்லை. இந்த ஊர்ல கார் இல்லாம பால் வாங்கக்கூடப் போக முடியாது. அவர் கார்ல ஏற மாட்டேங்கறார். நேத்துதான் முதல் தடவையா ஒண்ணு கேட்டார். சின்ன வயசுல சினிமால பார்த்த ரோடு ஒண்ணு, அது இங்க பக்கத்துல எங்கேயாவது இருக்குமான்னு கேட்டார். எனக்கு லீவு கிடைக்காது. நீ வந்து ஓட்டறியா?”

அண்ணன் ஏன் காரில் ஏறுவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் விஜயவாடாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, சூர்யாபேட்டை தாண்டி, பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருந்த அவர் கண் ஒரு நொடி செருகியது. வண்டி டிவைடரில் ஏறியது. அவருக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்குத் தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து கைத்தடியோடுதான் நடக்கிறார். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அண்ணன் காரை விற்றுவிட்டார். ஒரு வருஷம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “என் வண்டில வந்து ஒரு தடவை உக்காந்து பாரு அண்ணே” என்றேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் நான் பேச்சே எடுக்கவில்லை.

அந்த மனிதர் ஒரு ரோட்டைக் கேட்கிறார் என்றதும் நான் கிளம்பிவிட்டேன்.

சினிமாவை அவர் பார்த்தது பள்ளிக்கூட நாட்களில், செகந்திராபாத் தியேட்டர் ஒன்றில். ஒரே வாரத்தில் நாலு முறை பார்த்தாராம். ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார், நான் தூங்கிவிட்டேன். பெயர் அவருக்கு நினைவில்லை. கதையும் அரைகுறைதான்: ஒரு லாரி டிரைவர், அவனைத் துரத்தும் இரண்டு பேர். ரோடு மட்டும் அப்படியே மனசில் இருக்கிறது. “ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இறங்கும் லில்லி. இறங்கி, அந்தப் பக்கம் சுவர்ல சாத்தின ஏணி மாதிரி எழுந்து நிக்கும். வலது பக்கம் சிவப்புப் பாறை. யார்டுல ரயில் ரேக் நிறுத்தி வெச்ச மாதிரி, பெட்டி பெட்டியா, வரிசையா.”

முதல் நாள் ஃபீனிக்ஸ் தாண்டியதும் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு கள்ளிச்செடிகள், கையைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவு முழுக்க நின்றன. அப்புறம் மலை ஏறியதும் பைன் காடு. அதையும் தாண்டினால் திடீரென்று மரமே இல்லை. பூமி சிவப்பாக, மஞ்சளாக, சில இடங்களில் சாம்பல் நீலமாக விரிந்து கிடந்தது. ஊர் இல்லை, கடை இல்லை, ஒரு பேனர்கூட இல்லை. மேகத்தின் நிழல் தரையில் நடந்து போவதை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஊரில் மேகம் வந்தால் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். இங்கே நிழலுக்கு ஓரம் இருந்தது. அது ஒரு மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து எங்களுக்கு முன்னால் போனது.

“யாருமே இல்லாம இவ்ளோ எடத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றாங்க?” என்றார் அண்ணி. கேலியாக ஆரம்பித்த குரல், வாக்கியம் முடிவதற்குள் தணிந்துவிட்டது.

அண்ணன் கிளம்பியதிலிருந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஷீபா வீட்டு வாசலில் காரில் ஏறவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மேகநிழல் தாண்டிப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது.

பெட்ரோல் பங்க்கில் மானம் போனது. வண்டியை நிறுத்திவிட்டு ஆள் வருவார் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் பெட்ரோல் குழாயைக் கையில் பிடித்ததே இல்லை. தொப்பி போட்ட ஒரு லாரிக்காரர் வந்து, எப்படிப் பிடிப்பது, எதை அழுத்துவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். “எவ்வளவு நாளாக வண்டி ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். நான் டிரைவிங் டீச்சர் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அண்ணி ஜன்னலை இறக்கி, அவருக்கு உஸ்மானியா பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

இரண்டாம் நாள், கம்ப்யூட்டரில் தேடி ஷீபா குறித்துக்கொடுத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. நேரான ரோடு, அது போய் முடியும் இடத்தில் வானத்தை முட்டும் சிவப்புக் கல்தூண்கள். எங்கள் மௌலாலி மலையைத் தேநீர்க் கடைக்குப் பக்கத்திலிருந்து தினமும் பார்க்கிறவள் நான். கல் எனக்குப் புதிதல்ல. ஆனால் மௌலாலியில் கல்லைச் சுற்றி ஊர் இருக்கிறது. இங்கே கல் மட்டும், நாலு திசையிலும் வெறும் காற்றை வைத்துக்கொண்டு நிற்கிறது.

ரோட்டின் நடுவில் ஒரே கூட்டம். ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்க, அவள் கணவன் படம் எடுக்கிறான். பின்னால் வரும் வண்டிகள் ஹார்ன்கூட அடிக்காமல் நிற்கின்றன. எங்கள் ஊர் ராதிகா நாற்சந்தியில் இப்படிப் படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இறங்கி, நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு,” என்றார். “இது இல்ல.”

“கல்லு இருக்கு, ரோடு இருக்கு, நேரா இருக்கு. இன்னும் என்னங்க?” என்றார் அண்ணி.

“இங்க கல்லு தனித்தனியா நிக்குது. அது ரேக்கு. சேர்ந்து நிக்கும்.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்தது. பாதி கனவாகவும் இருக்கலாம். அடுத்த நாள் மாலைக்குள் திரும்ப வேண்டும். ஆனால் அவர் ‘இது இல்ல’ என்று சொன்ன விதத்தில் பழைய அண்ணன் இருந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைத் தட்டிப் பார்த்தே இது சரியில்லை என்று சொல்வாராம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிற்றூர். பத்து வீடு, ஒரு விடுதி, ஒரு சாப்பாட்டுக் கடை. அது நவஹோ பழங்குடி மக்கள் வாழும் பக்கம். கடையில் ஆட்டுக்கறிக் குழம்பும், உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பொரித்த ரொட்டியும் கிடைத்தன. ரொட்டி நம்ம பட்டூராவுக்கு அண்ணன் முறை. குழம்பில் உப்பு மட்டும் இருந்தது. மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அது அறியவில்லை. அண்ணி கைப்பையிலிருந்து கோங்குரா ஊறுகாய் பாட்டிலை எடுத்தார்.

பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர், கழுத்தில் நீலக்கல் மாலை போட்டவர், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு கரண்டி ஊறுகாயை அவர் ரொட்டியின் ஓரத்தில் வைத்தார். அவர் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கரண்டி கேட்டார். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

அண்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ரோட்டைப் பற்றிச் சொன்னார். வார்த்தை போதாமல், மேஜையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக நிறுத்தி வைத்து, “டிரெயின். ஸ்டோன் டிரெயின்” என்றார்.

பெரியவர் சர்க்கரைப் பொட்டலங்களைப் பார்த்தார். முதலில் நின்றதை மட்டும் எடுத்து, ஒரு விரல் தள்ளி, தனியாக வைத்தார்.

“எஞ்சின் கழண்டு நிக்கும்!” என்று அண்ணன் தமிழில் கத்தினார். “ஹவ், ஹவ்! ஆமா! முதல் பாறை மட்டும் தள்ளி நிக்கும்!”

பெரியவருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் சினிமா எடுத்தபோது தன் அப்பா குதிரைகளைப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னார். “புது நெடுஞ்சாலை வந்த பிறகு அந்த ரோட்டில் யாரும் போவதில்லை. ஆடு வைத்திருப்பவர்கள்தான் போவார்கள். ஆனால் ரோடு இருக்கிறது” என்றார். ஒரு காகித நாப்கினில் கோடு போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை பெரிய ரோட்டிலிருந்து திரும்பி, ஒரு கம்பி வேலியை ஒட்டிப் போனோம். நடுவில் ஆறேழு குதிரைகள் ரோட்டை மறித்து நின்றன. சேணம் இல்லை, சொந்தக்காரர் இல்லை. நான் வழக்கம்போல ஹார்னில் கை வைத்தேன். “நக்கோமா, அதுங்க ஊரு” என்றார் அண்ணன். காத்திருந்தோம். அவை கடந்து போனதும் ஒரு மேடு ஏறினோம். மேட்டின் உச்சியில் என் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது.

அவர் சொன்னதெல்லாம் இருந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிப் போன ரோடு, நடுக்கோட்டின் மஞ்சள் அங்கங்கே அழிந்து, வெடிப்புகளில் புல் முளைத்து, எங்கள் காலடியிலிருந்து நேராகக் கீழே இறங்கியது. எத்தனை மைல் என்று சொல்லத் தெரியவில்லை. இறங்கி இறங்கி ஒரு நூலாகி, அந்தப் பக்கம் செங்குத்தாக எழுந்து வானத்தில் போய்ச் செருகிக்கொண்டது. வலது பக்கம் பாறை. ஜன்னல் இல்லாத சிவப்புப் பெட்டிகள், ஒன்றோடொன்று மாட்டி, ஒரே உயரத்தில், அடிவானம் வரைக்கும். முன்னால், தனியாக, எஞ்சின்.

நான் வண்டியை அணைத்தேன். அதுவரை நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் தூரத்துச் சத்தம்தான் என்று அப்போது தெரிந்தது. எங்கள் வீட்டில் விடியற்காலையில்கூட எங்கேயோ ஒரு மோட்டார் ஓடும், ஒரு நாய் குரைக்கும், ஒரு ரயில் போகும். இங்கே என் ரத்தம் காதில் ஓடும் சத்தம் கேட்டது.

அண்ணன் இறங்கி ரோட்டின் நடுவில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அண்ணியும் கைத்தடியை ஊன்றி இறங்கினார். பின் கதவை மூடினார். காரைச் சுற்றி நடந்து வந்து, முன்னால் வலது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டைப் போட்டார்.

“அண்ணி?” என்றேன்.

“நீ எறங்கிக்கோ லில்லி.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “அண்ணி, அவருகிட்ட லைசன்ஸ்...”

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார். தெலங்கானா லைசன்ஸ், அண்ணனுடைய முகம், புதிதாக. “அடையாளத்துக்கு ஆகும்னு சொல்லிப் புதுப்பிக்க வெச்சேன். வாடகை வண்டிலயும் அவர் பேரைச் சேக்கச் சொல்லி ஷீபாகிட்ட சொல்லிட்டேன். ஷீபா என்ன சொல்வா, நீ என்ன சொல்வே, அவர் என்ன ஆவார்னு தனித்தனியாப் பயந்து எனக்கு அலுத்துப் போச்சு.”

“நான் பின்னாடி உக்காந்துக்கறேனே.”

“வேணாம். நீ உள்ள இருந்தா உன் கால் பிரேக்கைத் தேடும். அவர் கண்ணாடில அதையே பார்த்துட்டு இருப்பார்.” அப்புறம் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, “ஏங்க! வாங்க!” என்று கூப்பிட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போய்விட்டது. ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் நாலு எட்டு வைத்து, வேறு எங்கேயோ போகிறவர்போல நடந்தார். ஆனால் அந்தப் பாலைவனத்தில் போவதற்கு இடம் ஏது? நின்றார்.

“கைக்கு? ஏன் இப்படிப் பண்ற?” என்றார், அண்ணியைப் பார்க்காமல். குரல் உடைந்திருந்தது. “உன் கால நான்தானே ஒடச்சேன்.”

“ஆமா. நீங்கதான் ஒடச்சீங்க,” என்றார் அண்ணி. “நான் மறக்கல. எட்டு வருஷமா நீங்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் காலைத்தான் பார்க்கறீங்க. முகத்த எப்பங்க பார்ப்பீங்க? நான் உங்க பக்கத்துல உக்காந்து எங்கயாச்சும் போகணும். இங்க இடிக்கறதுக்கு ஒரு செடிகூட இல்ல. வாங்க.”

கடைசியில் அண்ணன் வந்தார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் குனிந்து, வகுப்பில் சொல்வதைத்தான் சொன்னேன்: சீட்டை முன்னால் தள்ளு, கண்ணாடியைச் சரி பண்ணு, வலது பக்கமாகவே போ, கிளட்ச் இல்லாத வண்டி, இடது காலுக்கு வேலையே இல்லை. அவர் சின்னப் பையன்போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பத்து மைல் போய்த் திரும்பி வருவதாகப் பேச்சு. என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். போனில் சிக்னல் இல்லை.

கார் குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கி நகர்ந்தது. நடக்கிற வேகத்தில் சரிவில் இறங்கியது. பிறகு ஓடுகிற வேகம். வெள்ளைக் கார் பல்லி முட்டை அளவாகி, புள்ளியாகி, ரோடு நூலாகிற இடத்தில் காணாமல் போனது. சத்தம் அதற்கும் முன்பே போய்விட்டிருந்தது.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். மனிதர்கள் செய்த பொருள் என்று அந்தப் பூமியில் ரோடும் என் தண்ணீர் பாட்டிலும்தான். பயம் வர வேண்டும், வரவில்லை. எவ்வளவு சின்னவள் நான் என்பது அப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பாறையின் நிறம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல்லிலிருந்து மாதுளைக்கு மாறியது.

இருபது நிமிஷம் போனது. முப்பது போனது. நாற்பதாவது நிமிஷத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. என்ன காரியம் செய்துவிட்டேன்? எட்டு வருஷம் ஓட்டாதவர் கையில் புது ஊர், புது வண்டி, எதிர்ப்பக்க ரோடு. என் வகுப்பில் எந்தப் பெண்ணையும் நான் இப்படி விட்டதில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்னால் வைக்கோல் கட்டும் ஒரு நாயும். ஓட்டி வந்த நவஹோ பெண்ணுக்கு என் வயதிருக்கும். நிறுத்தி, “வண்டி பழுதா?” என்று கேட்டாள்.

இல்லை, அண்ணன் வண்டியோடு போயிருக்கிறார், வரவில்லை என்றேன். குரல் எனக்கே அழுகைபோலக் கேட்டது. எட்டு வருஷம், விபத்து, அண்ணி, கால் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அவளிடம் கொட்டிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எஞ்சினை அணைத்தாள். “எட்டு வருஷமா?” என்றாள். “அப்படியென்றால் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும்.” இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

முதலில் பார்த்தது அவள்தான். மோவாயை லேசாக உயர்த்திக் காட்டினாள். ரோடு வானத்திலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு மினுக்கல். வெயிலில் நெளிந்து, மறைந்து, மறுபடி வந்தது. காராகியது. நல்ல வேகத்தில் வந்தது. நம்மூர் வழக்கப்படி ரோட்டின் இடது பக்கத்தில், ஜம்மென்று வந்தது.

நான் நடு ரோட்டுக்கு ஓடி, இரண்டு கையையும் வீசி, ஏ.எஸ்.ராவ் நகரே கேட்கும்படி கத்தினேன். “ரைட்டு! ரைட்டுக்கு வா அண்ணே! ரைட்டு!” கார் தயங்கி, அவசரமில்லாமல் வலது பக்கத்துக்கு மாறி, என் முன்னால் வந்து ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது.

“எங்க போனீங்க? ஒரு மணி நேரம்!”

“திரும்பறதுக்கு மனசே வரல,” என்றார் அண்ணன். கண் சிவந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. “பாதில நிறுத்திட்டோம். இவ அந்த எஞ்சின் பாறையைத் தொட்டுப் பார்க்கணும்னு சொன்னா.”

“தொட்டேன்,” என்றார் அண்ணி. உள்ளங்கையைக் காட்டினார். சிவப்பு மண். சேலை முந்தானையிலும் சிவப்பு, கைத்தடியின் நுனியிலும் சிவப்பு.

நான் பின் கதவின் பிடியில் கை வைத்தேன். கதவு திறக்கவில்லை. அண்ணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார், புதிதாகக் கல்யாணமான பெண்போல.

“லில்லி, கோச்சுக்காத. இன்னொரு தடவை போயிட்டு வந்துடறோம்.”

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் வண்டியைத் திருப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் சத்தமாகச் சிரித்தாள். அவளுக்கு எங்கள் மொழி தெரியாது, விஷயம் தெரிந்துவிட்டது. பிக்கப்பின் பின்பலகையை இறக்கி, வைக்கோலைத் தள்ளி இரண்டு பேருக்கு இடம் செய்தாள். நாய் நகர்ந்து கொடுத்தது.

“உட்காருங்கள்,” என்றாள். “இந்தத் தடவை இன்னும் நேரமாகும்.”